காற்றடிக்கும் போர்டா, கட்டிப் போர்டா? வாடகைத் தொழிலில் இறங்குமுன் ஒரு பாடம்



மாணிக்கக் கல்லும் தேயிலையும் றப்பரும் விற்கும் நிவித்திகலயிலிருந்து எழுதும் ஒருவன் கடல் விளையாட்டுச் சாமானைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கக் கூடும். காரணம் இருக்கிறது. நம் பகுதி இளைஞர்கள் பலர் வெளிநாட்டில் உழைத்த பணத்துடன் ஊருக்கு வந்து, உல்லாசப் பயணிகளை நம்பித் தொழில் தொடங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் என் தங்கையின் மகன். கத்தாரில் 4 வருடம் வேலை செய்து சேர்த்த காசுடன் வந்தவர். மனைவியின் ஊர் பொத்துவில். அறுகம்பைக் கரையில், நின்றபடி துடுப்புப் போடும் போர்ட்களை வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னார்.

"மாமா, எட்டுப் போர்ட். எல்லாம் காத்தடிக்கிற சாமான். சுருட்டினா ஒரு வேனுக்குள்ள போயிடும். ஒண்டு ஒரு லட்சத்து இருபதாயிரம்தான்" என்றார்.

"கட்டிப் போர்ட் என்ன விலை மகன்?"

"அது ரெண்டு மடங்கு மாமா. ரெண்டு லட்சத்து நாப்பது. அதுக்குக் காசு காணாது. உம்மா காப்பை அடகு வைக்கலாம் எண்டு சொல்றா."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது. தங்கையின் காப்பு அடகுக் கடைக்குப் போகுமுன், சாமானை ஒழுங்காகப் படித்துப் பார்ப்போம் என்று சொன்னேன். இரண்டு கிழமை விசாரித்து நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே பாடமாகத் தருகிறேன். போர்ட் வாங்காதவருக்கும் இதில் பாடம் உண்டு. மலிவான சாமானா, நீடிக்கும் சாமானா என்ற கேள்வி எல்லா வியாபாரத்திலும் வருகிறது.

நான் பட்ட பாடு

மருமகனுக்குப் புத்தி சொல்லுமுன் நான் செய்த தவறை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளம் புதியதல்ல. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வந்த வெள்ளமும் மண்சரிவும் எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோயின என்பதை நாம் மறக்கவில்லை. 2017க்குப் பின் நாங்கள் சிலர் சேர்ந்து, ஊருக்கு ஒரு படகு வாங்கக் காசு திரட்டினோம். சாமான் வாங்கும் பொறுப்பை ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் என்னிடம் தந்தார்கள். நான் கொழும்பில் ஒரு கடையில் காற்றடிக்கும் படகொன்றை மலிவாக வாங்கினேன். ஒரு நாள் ஆற்றில் விட்டுப் பார்த்தோம். நன்றாக மிதந்தது. ஈரத்தோடும் சேற்றோடும் மடித்து, என் கடையின் மேல்தட்டில், தகரக் கூரைக்குக் கீழே போட்டு வைத்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மழை இரவில் தண்ணீர் ஏறியது. தாழ்வான வீடொன்றில் நடக்க முடியாத ஒரு வயதான தாய். படகை இறக்கிக் காற்றடித்தோம். பாதி அடிக்கும்போதே பக்கத்துத் தையல் ஒரு முழ நீளத்துக்கு வாயைத் திறந்தது. ஒட்டிய பசை வெக்கையிலும் ஈரத்திலும் செத்துப்போயிருந்தது. அங்கே நின்ற அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் தோட்டத்துப் பொடியன்கள் நான்கு பிளாஸ்டிக் பீப்பாயைக் கயிற்றால் கட்டி, மேலே ஒரு கதவைப் போட்டு, அந்தத் தாயைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர்ப் பணத்தில் நான் வாங்கிய சாமான் வேண்டிய நேரத்தில் உதவவில்லை. குறை பாதி படகில், பாதி என்னில். வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தேன். வைக்கும்போது இடத்தைப் பார்க்கவில்லை.

காற்றுப் போர்டுக்குள் என்ன இருக்கிறது?

பார்வைக்கு ஊதிய மெத்தை போலத் தெரிந்தாலும் காற்றுப் போர்ட் வேறு சாதி. சாதாரண பலூனை ஊதினால் உருண்டையாகும். போர்டோ தட்டையாக நிற்கிறது. மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான பொலியெஸ்டர் நூல்கள் உள்ளே நெருக்கமாக இழுத்துப் பிடித்திருப்பதுதான் காரணம். காற்று வெளியே தள்ள, நூல் உள்ளே இழுக்க, பலகை போல விறைத்து நிற்கும். அமெரிக்காவில் குட்இயர் நிறுவனம் 1956இல் இந்த மாதிரித் துணியைக் கொண்டு ஊதும் ஆகாய விமானமே செய்து பறக்க விட்டது. பிற்காலத்தில் அதே முறைதான் இந்தப் போர்டுக்கு வந்தது.

துணிக்கு வெளியே பீ.வி.சி. பூச்சு. அது ஒரு படையாகவும் இருக்கும், இரண்டு படையாகவும் இருக்கும். பக்கங்களில் பட்டி ஓடும். அந்தப் பட்டியைப் பசையால் ஒட்டுவார்கள், அல்லது வெப்பத்தால் உருக்கிப் பொருத்துவார்கள். விலை வித்தியாசத்தின் பெரும் பகுதி இந்த இரண்டு இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. மலிவான சாமான் பெரும்பாலும் ஒரு படை, பசை ஒட்டு.

காற்றின் அளவு 12 முதல் 15 பீ.எஸ்.ஐ. வரை. கார் டயருக்கு ஏறக்குறைய 30 என்பதை நினைத்தால் அளவு புரியும். தடிப்பு 6 அங்குலம் இருந்தால் நல்லது. 4 அங்குலத்தில் பாரமான ஆள் ஏறினால் நடுவில் வளையும். கைப்பம்பால் ஒரு போர்டுக்கு 5 முதல் 10 நிமிடம் செல்லும். எட்டுப் போர்டுக்கு அடித்து முடிக்கும்போது காலை வெயில் ஏறிவிடும், அடித்தவரின் தோளும் கழன்றுவிடும். மின்சாரப் பம்பின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கட்டிப் போர்டுக்குள் என்ன இருக்கிறது?

கட்டிப் போர்டின் உள்ளே தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வருமே, அந்த ரெஜிபோம் வகையைச் சேர்ந்த நுரை. அதன் மேல் பைபர் துணி. அதை எபொக்சி ரெசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சிலவற்றில் மேலே மூங்கில் தகடு வரும். வாடகைக்கென்றே, மேலே மெத்தென்ற நுரை ஒட்டிய வகையும், தண்ணீர்த் தாங்கி செய்வது போல் பிளாஸ்டிக்கில் வார்த்த வகையும் உண்டு. பிளாஸ்டிக் வகை பாரம் கூடியது. ஆனால் அடி தாங்கும்.

நீளம் பொதுவாக 10 முதல் 11 அடி, அகலம் 30 முதல் 34 அங்குலம். எபொக்சிப் போர்டின் பாரம் 10 முதல் 14 கிலோ. தண்ணீரில் நேராகவும் வேகமாகவும் ஓடும். சிறு அலையிலும் சொன்ன பேச்சுக் கேட்கும். காற்றுப் போர்ட் தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்பதால் காற்று அதைப் பிடித்துத் தள்ளும்.

கட்டிப் போர்டின் எதிரி கல்லும் கவனயீனமும். மூக்கு இடித்து ஒரு சிறு வெடிப்பு விழுந்தால் அந்த வழியால் உள்ளே தண்ணீர் போகும். வெடித்த போர்டை அன்றே கரையில் ஏற்றி, நன்றாகக் காய வைத்து, பிறகு ஒட்ட வேண்டும். ‘இன்னும் ஒரு வாடகை போகட்டும்’ என்று விட்டால் நுரை நீர் குடித்துப் பாரமாகிவிடும்.

இங்கே ஒரு கடைக்காரன் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். பைபர் வள்ளம் ஒட்டுகிறவர்கள் பாவிப்பது பொலியெஸ்டர் ரெசின். மலிவானது, எங்கும் கிடைக்கும். அதை இந்த நுரையில் ஊற்றினால் நுரை கரைந்து குழியாகிவிடும். எபொக்சி மட்டும்தான் பாவிக்க வேண்டும். மீன்பிடி வள்ளத்தை அருமையாக ஒட்டும் கைதேர்ந்தவர்கூட இதை அறியாமல் உங்கள் போர்டைக் கெடுத்துவிடக் கூடும். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தைகிரிஸ் நதியின் வியாபாரிகள்

காற்றடித்த சாமானில் வியாபாரம் செய்வது இன்றைய கண்டுபிடிப்பல்ல. ஈராக்கின் தைகிரிஸ் நதியில் ‘கெலெக்’ என்ற தெப்பம் நெடுங்காலம் ஓடியது. ஆட்டுத் தோல்களை ஊதிக் கட்டி, மேலே மரங்களைப் பரப்பி, மோசுல் பக்கத்திலிருந்து சரக்கேற்றிப் பக்தாத் வரை நீரோட்டத்தோடு இறங்குவார்கள். அங்கே சரக்கை விற்று, தெப்பத்தின் மரத்தையும் விற்றுவிடுவார்கள். தோல்களின் காற்றைத் திறந்து, மடித்து, கழுதை மேல் ஏற்றிக்கொண்டு தரை வழியாக ஊர் திரும்புவார்கள்.

அந்த வியாபாரிகள் காற்றுத் தோலை எடுத்தது மலிவு என்பதற்காக மட்டுமல்ல, திரும்பிப் போகும் வழிக்காகவும்தான். நீரோட்டத்தை எதிர்த்து மரப்படகை இழுத்துப் போவதைவிட, மடித்த தோலைக் கழுதையில் ஏற்றுவது லேசு. சாமான் பிரயாணம் செய்ய வேண்டிய இடத்தில் காற்று வெல்கிறது.

மறுபக்கம் நம் தமிழ்க் கரையின் கட்டுமரம். ஆங்கிலத்தில் ‘கெற்றமரன்’ என்ற சொல்லே இதிலிருந்துதான் போனது. கட்டுமரக்காரர் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். நீர் குடித்த மரம் பாரமாகி அமிழும் என்பது அவர்களுக்குத் தெரியும். கட்டிச் சாமான் வைத்திருப்பவர் காய வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பழைய பாடம்.

எந்தத் தண்ணீருக்கு எது?

நம் சப்ரகமுவையிலேயே காற்றுச் சாமானுக்கு நல்ல உதாரணம் கித்துல்கல. கேகாலை மாவட்டத்தில், களனி கங்கையில், 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படம் எடுத்த அந்த இடத்தில், பாறைகளுக்கு நடுவே பயணிகளை இறக்குவது காற்றடித்த றாப்டுகளில்தான். பாறையில் மோதினால் காற்றுச் சாமான் துள்ளி விலகும், கட்டிச் சாமான் வெடிக்கும். பாறை ஆற்றுக்குக் காற்றுதான் என்பதில் வாதமில்லை.

ஆனால் அந்த றாப்டுக்கும் நம் போர்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. றாப்டிலும் மீட்புப் படகிலும் காற்று பல தனி அறைகளில் இருக்கும். ஒன்று ஓட்டையானால் மற்றவை தாங்கும். காற்றுப் போர்டில் பெரும்பாலும் ஒரே அறை. தையல் விட்டால் எல்லாம் போய்விடும். கட்டிப் போர்ட் வெடித்தாலும் நுரை மிதக்கும். கரையிலிருந்து தூரமாகப் போகும் வாடிக்கையாளருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

கிழக்குக் கரையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும். அதாவது தரையிலிருந்து கடலுக்கு. கரையில் நிற்பவருக்குக் கடல் அமைதியாகத் தெரியும். போர்டில் ஏறியவர் திரும்பும்போதுதான் காற்றின் பலம் விளங்கும். காற்றுக் குறைந்து தளர்ந்த போர்டில், நீச்சல் தெரியாத ஒருவர் அந்த நிலையில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் புதியவர்களைக் களப்பில் மட்டும் இறக்க வேண்டும், கடலில் அல்ல என்று மருமகனிடம் முதல் நிபந்தனையாகச் சொன்னேன்.

காலில் கட்டும் கயிறும் அப்படித்தான். கடலிலும் களப்பிலும் அது உயிர்க் கயிறு. விழுந்தவரை விட்டுப் போர்ட் ஓடாது. ஓடும் ஆற்றிலோ அதே கயிறு கிளையிலும் கல்லிலும் சிக்கி ஆளைத் தண்ணீருக்கடியில் பிடித்துவிடும். ஆற்றுக்கு இடுப்பில் கட்டி, இழுத்தவுடன் கழன்று விடும் வகைதான் பாவிக்க வேண்டும்.

வெயில் என்ற கூட்டாளி

காலை நிழலில், 28 பாகை வெப்பத்தில், 15 பீ.எஸ்.ஐ. அடித்த காற்றுப் போர்டை மணலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று 60 பாகைக்குச் சூடானால் அளவு 18 பீ.எஸ்.ஐ.யைத் தாண்டும். ஒரு நாள் தாங்கும். தினமும் இப்படி ஏறி இறங்கினால் ஒட்டு சோர்ந்துபோகும். கறுப்பும் கடும் நீலமுமான போர்ட்கள் இன்னும் விரைவாகச் சூடாகும். இதற்கு மறுபுறமும் உண்டு. சூடான போர்டில் சரியாகக் காட்டிய அளவு, தண்ணீரில் இறக்கிக் குளிர்ந்ததும் குறையும்.

கட்டிப் போர்டும் வெயிலுக்குத் தப்பாது. உள்ளே காற்று விரிந்து, பைபர் தோல் நுரையை விட்டுக் கிளம்பிக் கொப்புளமாகும். அதற்காகவே மேலே ஒரு சிறு காற்றாணி வைத்திருப்பார்கள். நம் இரத்தினபுரியைக் கடந்து பெலிஹுல்ஓயா, பெரகல, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவில் போகும் ஏ4 வீதி மலை ஏறி இறங்குகிறது. உயரம் ஏறும்போதும் உள்ளே காற்று விரியும். திருகாணி உள்ள போர்டானால் ஏற்றுமுன் அதைத் தளர்த்தி விடுங்கள். தண்ணீரில் இறக்குமுன் மறக்காமல் இறுக்குங்கள்.

இனிக் கணக்கு

கல் வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. கல்லை மேசையில் வைத்து யாரும் விலை பேசுவதில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பிப் பார்த்துத்தான் பேசுவார்கள். விலையையும் அப்படித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

மருமகனுக்குச் சொன்ன விலைகளையே வைத்துப் பார்ப்போம். ஆறு மாதத்தை ஒரு பருவம் என்று கொள்வோம். வாடகைக்கு விடும் காற்றுப் போர்ட் 2 பருவம் உழைக்கும், பருவத்துக்கு 5,000 ரூபா ஒட்டுச் செலவு, கடைசியில் விற்க ஒன்றும் மிஞ்சாது என்று வைத்தால், ஒரு பருவத்துக்கு 60,000உம் 5,000உம் சேர்த்து 65,000 ரூபா.

கட்டிப் போர்ட் 5 பருவம் உழைக்கும், பருவத்துக்கு 12,000 ரூபா திருத்தச் செலவு, கடைசியில் 40,000 ரூபாவுக்கு விற்கலாம் என்று வைத்தால், தேய்மானம் 40,000உம் திருத்தம் 12,000உம் சேர்த்து 52,000 ரூபா.

மணிக்கு 1,500 ரூபா வாடகை என்றால், காற்றுப் போர்ட் தன் செலவை எடுக்க ஒரு பருவத்தில் 44 மணி நேரமும், கட்டிப் போர்ட் 35 மணி நேரமும் ஓட வேண்டும். பாதி விலைச் சாமான் உண்மையில் விலை கூடிய சாமானாகிவிட்டது.

மருமகன் விடவில்லை. "மாமா, காத்துப் போர்டை நல்லாப் பாதுகாத்து மூணு பருவம் ஓட்டினா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அப்போது தேய்மானம் 40,000, ஒட்டு 5,000, மொத்தம் 45,000. கட்டிப் போர்டைவிட மலிவு! ஒரே ஒரு பருவம் கூடினால் கணக்குத் தலைகீழாகிறது. அந்த ஒரு பருவத்தைத் தருவது எது? நிழல். நல்ல கிடுகுக் கொட்டில், கழுவ நல்ல தண்ணீர், மடிக்குமுன் காய வைக்கும் பொறுமை. இந்தத் தொழிலின் இலாபம் போர்டில் இல்லை, நிழலில் இருக்கிறது என்று அன்று விளங்கியது. தகரக் கூரைக்குக் கீழே படகை வேக வைத்த எனக்கு அது கொஞ்சம் சுள்ளென்றும் பட்டது.

இன்னும் இரண்டு வரிகள் கணக்கில் சேர வேண்டும். முதலாவது, ஏற்று கூலி. 11 அடிக் கட்டிப் போர்டின் பெட்டி கப்பலில் பிடிக்கும் இடம் ஏறக்குறைய 0.6 கன மீற்றர். மடித்த காற்றுப் போர்டின் பெட்டி 0.13 கன மீற்றர். நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். அறுகம்பையில் பருவம் மே முதல் ஒக்டோபர் வரை, வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. இரண்டு கரையிலும் தொழில் செய்ய நினைப்பவருக்குக் காற்றுப் போர்ட் பஸ்ஸிலேயே வரும். கட்டிப் போர்டுக்கு லொறி வேண்டும்.

இரண்டாவது, தொழில் நின்றுபோகும் ஆபத்து. 2018இல் நம் நாட்டுக்கு 23 இலட்சம் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதலுக்குப் பின் குறைந்தது. கொரோனா வந்த 2020இல் 5 இலட்சம், 2021இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் டொலர் இல்லாமல் நாடே நின்றது. 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடையில் கடன்பட்டுச் சாமான் வாங்கியவர்களின் நிலையை எல்லோரும் கண்டோம். சாமானில் முழுக் காசையும் கொட்டியவரும், வட்டிக்கு எடுத்தவரும் முதலில் விழுந்தார்கள். ஆகவே, கட்டிப் போர்ட் நல்லது என்பதற்காக எட்டும் கட்டியாக வாங்கி 19 இலட்சத்து 20 ஆயிரத்தை மணலில் வைப்பதும் புத்தியல்ல.

மார்க்கம் சொல்லும் வியாபார ஒழுங்கு

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லையே என்று அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்தது. ஒட்டுப்போட்ட போர்டை விற்கும்போது ஒட்டைக் காட்டி விற்க வேண்டும். நீர் குடித்த போர்டுக்கு மேலே வர்ணம் பூசி விற்பது அந்த ஈரத் தானியத்தின் மறு பிறவிதான். சூடு காட்டிய கல்லை, சூடு காட்டியது என்று சொல்லி விற்கும் நாணயமான கல் வியாபாரிகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அதே நாணயம் இங்கும் வேண்டும்.

வாடகை என்பது இஜாரா. சாமான் உரிமையாளருடையது, அதன் இயல்பான தேய்மானமும் நட்டமும் அவருடையதே. வாடகைக்கு எடுத்தவர் கையில் அது அமானிதம். அவர் வரம்பு மீறினாலோ கவனயீனமாக இருந்தாலோதான் அவரிடம் கேட்கலாம் என்பது மார்க்க அறிஞர்கள் சொல்லும் அடிப்படை. வெயிலில் சோர்ந்த தையல் வாடிக்கையாளர் ஏறிய நேரத்தில் பிரிந்தால், அந்த வெள்ளைக்காரரிடம் நட்டம் கேட்பது நியாயமல்ல. கல்லில் இழுக்க வேண்டாம் என்று சொல்லியும் இழுத்துக் கிழித்தால் கேட்கலாம். இதனால்தான் கொடுக்குமுன் இருவரும் சேர்ந்து போர்டைப் பார்த்து, இருக்கும் கீறல்களைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் விரிவாகச் சொல்வது, எழுத்து சண்டையைத் தடுக்கிறது என்பதற்காகவும்தான்.

பணம் போதாவிட்டால் வட்டிக்குப் போகாமல் கூட்டாளி சேருங்கள். முஷாரகாவில் இலாபத்தைப் பேசிய விகிதப்படி பிரிக்கலாம். நட்டம் மட்டும் போட்ட முதலின் விகிதப்படிதான். இஸ்லாமிய வங்கி முறையில் முராபஹாவாக, வங்கி சாமானை வாங்கி, இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லி உங்களுக்கு விற்கும் வழியும் இருக்கிறது. ஸகாத்தைப் பொறுத்தவரை, விற்க வாங்கிய போர்ட்கள் வியாபாரப் பொருள், அவற்றின் பெறுமதி கணக்கில் சேரும். வாடகைக்கு விடும் போர்ட் தொழிற்கருவி என்பதால், சேர்ந்த வருமானத்துக்குத்தான் ஸகாத் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. உங்கள் கணக்கை ஒரு மௌலவியிடம் காட்டித் தெளிவு பெறுங்கள்.

வாங்குமுன் பாருங்கள்

காற்றுப் போர்ட் என்றால்:

1. முழு அளவுக்குக் காற்றடித்து 24 மணி நேரம் நிழலில் விட்டு, மறுநாள் அளவைப் பாருங்கள்.

2. சவர்க்காரத் தண்ணீரை வால்விலும் பக்கப் பட்டியிலும் தடவுங்கள். குமிழி வந்தால் வேண்டாம்.

3. இரண்டு முனையிலும் தாங்கு கொடுத்து, நடுவில் ஒருவரை ஏற்றிப் பாருங்கள். வாழைத்தண்டு போல் வளைந்தால் விட்டுவிடுங்கள்.

4. பட்டி பசையா, வெப்பமா என்று கேளுங்கள். வால்வும், அதைக் கழற்றும் சாவியும், ஒட்டுத் துணியும் தனியாக வாங்க முடியுமா என்றும் கேளுங்கள்.

கட்டிப் போர்ட், அதுவும் பழையது என்றால்:

1. விரல் மூட்டால் முழுப் போர்டையும் தட்டுங்கள். சத்தம் மாறும் இடத்தில் தோல் கிளம்பியிருக்கும்.

2. தராசில் வையுங்கள். கம்பனி சொன்ன பாரத்தைவிடக் கூடினால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

3. கீழே செட்டை பொருத்தும் பெட்டியைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.

4. காற்றாணி இருக்கிறதா, திரும்புகிறதா என்று பாருங்கள்.

முடிவு என்ன?

மருமகன் எட்டுப் போர்ட் வாங்கவில்லை. கையில் இருந்த 9 இலட்சத்து 60 ஆயிரத்தில் 2 கட்டிப் போர்டும் 2 காற்றுப் போர்டும் வாங்கினார். 7 இலட்சத்து 20 ஆயிரம் முடிந்தது. மிச்சம் 2 இலட்சத்து 40 ஆயிரத்தில் கிடுகுக் கொட்டில், உயிர்காப்பு அங்கிகள், கயிறுகள், விசில்கள், எபொக்சி, காற்றளவு மானி. கட்டிப் போர்ட்கள் கொட்டிலடியில் நிற்கும். காற்றுப் போர்ட்கள் முச்சக்கர வண்டியில் களப்புப் பயணத்துக்குப் போய் வரும். என் தங்கையின் காப்பு அவள் கையிலேயே இருக்கிறது.

"நாலு போர்ட் காணாது எண்டு ஆக்கள் சிரிப்பாங்க மாமா" என்றார் போகும்போது.

"சிரிக்கட்டும் மகன். அஞ்சாவது போர்டை இந்த நாலும் உழைச்சு வாங்கட்டும்" என்றேன்.

நானும் ஒரு காரியம் செய்தேன். ஊரிலே கூடி, என் தவறை எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, இந்த முறை பைபர் வள்ளமொன்றுக்கு என் பங்கை முதலில் வைத்தேன். வெள்ளத் தண்ணீருக்குள் முள்ளுக்கம்பியும் உடைந்த தகரமும் கிடக்கும், அங்கே ஒரு படைக் காற்றுச் சாமான் சரிவராது. அதற்கு நிழலான கொட்டில் ஒன்று போட்டோம். மே மாதத்துக்கு முன்னும் ஒக்டோபருக்கு முன்னும் வெளியே எடுத்து, தண்ணீரில் இறக்கிப் பார்ப்பதற்கு இரண்டு பேரை நியமித்தோம். அதில் ஒருவர் அன்று பீப்பாய் கட்டிய தோட்டத்துத் தம்பி.

சாமான் வாங்குவது ஒரு நாள் வேலை. அதை வைத்துக் காப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியது. வாங்கும்போது இரண்டுக்கும் சேர்த்து விலை பேசுங்கள். அல்லாஹ் நம் உழைப்பில் பரகத் செய்வானாக. மீண்டும் அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ்.